ஆறு குழி சிலிகான் அச்சு: எட்டு மாதம் சுட்டுப் பார்த்த பிறகு

என் அப்பா 31 வருடம் மக்ரூன் போட்டவர். தூத்துக்குடியில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள், மூன்றே சரக்கு. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் விட்டுவைத்தால் சின்னச் சின்னக் கோபுரங்களாக உலர்ந்து நிற்கும். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. நாக்கில் வைத்தால் கரைந்துவிடும்.

அப்பாவுக்கு இப்போது 71 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மக்ரூனில் எவ்வளவு சர்க்கரை போகிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அள்ளி அள்ளிப் போட்ட கை அது. ஒரு நாள் மக்ரூன் சாப்பிடுவதைப் பேச்சில்லாமல் விட்டுவிட்டார். ஆனால் நான்கு மணிக்குத் தேநீர் வந்ததும் அவர் கை தானாகப் பக்கத்தில் இருக்கும் தட்டைத் தேடும். அந்தத் தட்டில் வைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் நான் சின்னக் கேக்குகளில் இறங்கினேன். சர்க்கரை குறைவாக, எண்ணெய் குறைவாக, கையில் எடுத்தால் கனமே தெரியாததாக. இதில் அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: உருவம் கெடக் கூடாது. சரிந்துபோன பண்டத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பது சாப்பிடுகிறவருக்கு மரியாதைக் குறைவு என்பது அவர் தொழிலில் கற்றுக்கொண்ட பாடம்.

முதல் அச்சை வீட்டுப் பாத்திரக் கடை ஒன்றில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் எடுத்தபோதே துவண்டது. ஓவனில் பத்தாவது நிமிடம் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. மாவின் கனம் தாங்காமல் குழிகள் ஒரு பக்கமாக அகன்று, கேக்குகள் இந்தப் பக்கம் தடித்தும் அந்தப் பக்கம் மெலிந்தும் வெளியே வந்தன. அன்றைக்குச் சுட்டதில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வாடை ஏறிய பண்டத்தை ருசி பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாக வாங்கிய அச்சைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். 480 ரூபாய், இணையத்தில் வாங்கியது. இதே அமைப்பில் பலரும் செய்து விற்கிறார்கள், ஆகவே பெயரைவிட அடையாளங்களைச் சொல்வது பயன்படும். மொத்தம் ஆறு குழிகள். ஒவ்வொன்றின் வாயும் 7 சென்டிமீட்டர். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளந்தேன், ஒரு குழிக்கு 90 மில்லி பிடிக்கிறது. பக்கச் சுவர் பூசணிக்காய் போல வரிவரியாக இருக்கும். குழியின் நடுவில் ஒரு சிறு தண்டு எழும்பி நிற்பதால், கேக் உளுந்து வடை போல நடுவில் துளையோடு வரும். மேல் விளிம்புக்குள் கம்பி ஓடுகிறது. மாவு நிறைந்த அச்சை ஒரு கையால் தூக்கினாலும் தொய்வதில்லை. சுவரை விரலால் அழுத்தினால் மெல்ல உள்ளே போய், விட்டதும் பழைய இடத்துக்கு வருகிறது. 230 டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் 180-ஐத் தாண்டியதில்லை.

அந்த நடுத்தண்டை வெறும் அலங்காரம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். இன்றைக்கு அதற்காகவே இந்த அச்சைப் பரிந்துரைப்பேன். எந்தக் கேக்கிலும் கடைசியாக வேகிற இடம் நடு வயிறு. ஓரம் வெந்து, நடு வேகாமல் இருக்கும்போது வெளியே எடுத்தால் அந்த இடம் பள்ளமாக இறங்கும். எண்ணெயும் சர்க்கரையும் குறைந்த கேக்கை நடு வேகும் வரை உள்ளேயே விட்டாலோ, ஓரம் காய்ந்து சக்கையாகிவிடும். தண்டு இருந்தால் இந்த இக்கட்டே இல்லை. சூடு வெளிச் சுவர் வழியாகவும் தண்டு வழியாகவும் போகிறது, எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேகிறது.

நல்ல அச்சு கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சரியாக வரும் என்று நினைத்தேன். மக்ரூன்காரர் மகள் அல்லவா, வெள்ளைக்கருவைத்தான் முதலில் நம்பினேன். நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மூன்று ஸ்பூன் மாவு. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். விளிம்பைத் தாண்டி ஒரு விரல் உயரம் எழும்பி, மேலே இளம் பொன்னிறம் வந்தது. வெளியே எடுத்து வைத்த ஐந்தாவது நிமிடம் சுவரை விட்டு நழுவ ஆரம்பித்தது. வரிகள் மங்கி, உயரம் பாதியாகி, பிழிந்து வைத்த துணி மாதிரி சுருங்கிக்கொண்டது.

அப்பா வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, குழி பிடித்துக்கொண்டிருக்கும்போது எதுவும் நிற்கும். வெளியே வந்த பிறகு நிற்க வேண்டும்."

இந்த எட்டு மாதத்தில் நான் கற்றது எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடக்கம். அச்சு உருவத்தைக் கடன் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதைத் திருப்பி வாங்கிய பிறகு கேக்கைத் தாங்கி நிற்பது அதன் உள்ளே இருக்கிற சரக்கு.

பிறகு தேடிப் படித்தேன். வெறும் வெள்ளைக்கரு நுரையால் எழும்பும் கேக், வேகும்போது பாத்திரச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அதனால்தான் அந்த வகைக்கு எண்ணெய் தடவாத வெறும் உலோகப் பாத்திரம், வெந்த பிறகும் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். 1927-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி பேக்கர் என்ற காப்பீட்டு முகவர் ஷிஃபான் கேக்கைக் கண்டுபிடித்தார். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், தனியாக அடித்துச் சேர்த்த வெள்ளைக்கரு, இதுதான் அதன் சூட்சுமம். ஏறக்குறைய 20 வருடம் செய்முறையை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அந்தக் கேக்கும் இப்படித் தலைகீழாக ஆறுவதுதான். சிலிகான் வழுக்குகிற சாதி. பற்றிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. ஆகவே வெறும் நுரைக் கேக் செய்ய நினைப்பவர்கள் இந்த அச்சை வாங்க வேண்டாம். ஒட்டாத பூச்சு உள்ள தட்டும் அதற்கு உதவாது. சாதாரண அலுமினியக் கிண்ணம் போதும்.

அடுத்த சிக்கல் சர்க்கரை. அதை இனிப்புக்கு மட்டும் போடுகிறோம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். "சர்க்கரையைக் குறைத்தால் நுரை தண்ணீர் விட்டுவிடும்" என்று அப்பா ஆரம்பத்திலேயே சொன்னார், எனக்குத்தான் உறைக்கவில்லை. நுரையில் இருக்கிற நீரில் சர்க்கரை கரைந்து பாகு போல அடர்த்தி கொடுக்கிறது. அதனால் நீர் அடியில் வடிவதில்லை. சர்க்கரையை எடுத்துவிட்டால் நுரை அதே அழகோடுதான் எழும்பும், ஆனால் பொறுத்து நிற்காது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், மேலே நுரை உதிரி உதிரியாக இருக்கும். இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறு ஓரளவு கைகொடுக்கிறது. அதைவிட முக்கியம் வேகம். அடித்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் அச்சு ஓவனுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது என் கை ஓடுகிற அளவைச் சொல்கிறேன். ஆறு கேக்குக்கு வறுத்துச் சலித்த கேழ்வரகு மாவு 50 கிராம், கோதுமை மாவு 30 கிராம், முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் இசப்கோல் (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் உமி), இரண்டு முட்டை, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர் 60 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், 30 கிராம் சர்க்கரை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மஞ்சள் கரு, எண்ணெய், தயிர், பாதிச் சர்க்கரை இவற்றை ஒரு பாத்திரத்தில் கலந்து, மாவு வகைகளைச் சேர்க்கிறேன். வெள்ளைக்கருவைத் தனியே அடித்து, மீதிச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் போடுகிறேன்.

இதில் இசப்கோல் அப்பாவின் மருந்து அலமாரியில் இருந்து வந்தது. கேழ்வரகில் கோதுமையைப் போல இழுவை கிடையாது, மாவுக்குள் வலை பின்னாது. முதலில் முழுக்கக் கேழ்வரகில் சுட்டபோது உருவம் அழகாக வந்தது, எடுத்துக் கடித்தால் மணல் வீடு போல உதிர்ந்தது. இசப்கோல் தண்ணீரைக் குடித்துப் பசையாகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் களி மாதிரி இறுகிவிடும், கவனம். கோதுமை மாவு சேராதவர்கள் இந்த 30 கிராமுக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டால், நான் செய்து பார்த்து நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய மாற்று எதுவும் இன்னும் கையில் இல்லை.

நுரையின் பதத்தை அப்பாதான் பார்க்கிறார். கரண்டியை முக்கித் தலைகீழாகத் தூக்கினால் நுனியில் ஒரு கொண்டை நிற்கும். கொண்டை விறைத்து ஊசியாக நின்றால் மக்ரூனுக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது. அதன் நுனி மெல்லத் தலை கவிழ வேண்டும். விறைத்த நுரை மாவோடு சேர மறுத்துக் கட்டி கட்டியாக மிதக்கும். அதைக் கரைக்கப் போனால் காற்று எல்லாம் வெளியே போய்விடும்.

கலப்பதையும் சில நாட்கள் அவரே செய்கிறார். கரண்டியின் விளிம்பால் நடுவில் அறுத்து, அடி வரை போய், பாத்திரத்தின் ஓரமாக அள்ளி மேலே கவிழ்ப்பார். இடது கை ஒவ்வொரு அள்ளலுக்கும் பாத்திரத்தைக் கால் வட்டம் திருப்பும். வலது மணிக்கட்டு மட்டும்தான் அசையும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். பதினான்கு, பதினைந்து அள்ளல்; அதற்குள் வெள்ளைக் கோடுகள் மறைந்துவிடும். வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, அந்த மணிக்கட்டு எதையும் மறக்கவில்லை. நான் செய்தால் இருபத்தைந்து அள்ளல் ஆகிறது, அந்த வித்தியாசம் கேக்கின் உயரத்தில் அரை விரல் அளவுக்குத் தெரிகிறது.

குழியில் முக்கால் பாகம் நிரப்பினால் போதும். அச்சை நேராகக் கம்பித் தட்டில் வைக்காதீர்கள். ஓவனோடு வரும் உலோகத் தட்டை முன்பே உள்ளே வைத்துச் சூடேற்றி அதன் மேல் வையுங்கள். சிலிகான் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உலோகத் தட்டு அடியில் இருந்தால் அடிப்பாகம் சீக்கிரம் இறுகி, மேலே இருப்பதைத் தாங்கத் தயாராகிவிடுகிறது. 170 டிகிரி, 20 நிமிடம். முதல் 14 நிமிடம் கதவைத் திறப்பதில்லை. இதே மாவு அலுமினியக் கிண்ணத்தில் 16 நிமிடத்தில் வெந்துவிடுகிறது.

கழற்றும் நேரம்தான் இந்த அச்சின் உண்மையான சோதனை. சுட்டதும் கழற்றினால் வரிகள் கிழிந்து அச்சிலேயே தங்கிவிடும். முழுக்க ஆறட்டும் என்று விட்டால் இன்னொரு தொல்லை: ஆவி வெளியேற வழியில்லாமல் சுவரில் வியர்த்து, கேக்கின் மேனி ஈரமாகிப் பிசுபிசுக்கும். என் கணக்கில் பத்து நிமிடம். முதலில் குழியைச் சுற்றி வெளிச் சுவரை விரலால் லேசாக இழுத்துவிட்டு, கம்பி வலையின் மேல் கவிழ்த்து, தண்டின் அடியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துகிறேன். சிலிகான் உரிந்து பின்வாங்கும்போது முத்தமிடுவது போல ஒரு சின்னச் சத்தம் வரும். அதன் பிறகு கேக் வலையில் உட்காரும். பன்னிரண்டு வரிகளும் விளிம்பு மழுங்காமல் நிற்கும். குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விரலால் தொட்டுத் தடவுவதோடு சரி, அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

இந்த இடத்தில்தான் சிலிகான் எல்லாவற்றையும் வெல்கிறது. எண்ணெய் குறைந்த கேக்கைக் காகிதக் கோப்பையில் சுட்டிருப்பவர்களுக்குத் தெரியும், பாதிக் கேக் காகிதத்தோடு போய்விடும். உலோகக் கிண்ணத்தில் ஒட்டாமல் வர வேண்டுமென்றால் தாராளமாக எண்ணெய் தடவி மாவு தூவ வேண்டும். ஒரு பக்கம் குறைத்த எண்ணெயை இன்னொரு பக்கம் சேர்ப்பதாக அது முடியும். பண்டம் சிறிதாக இருக்க இருக்க எடையைப் பார்க்க அதன் மேனிப்பரப்பு அதிகம் என்பதால் இந்த எண்ணெய் சின்னக் கேக்குக்குக் கணிசமான சேர்மானம்.

நிறம் இதன் பெரிய குறை. பக்கங்கள் வெளிறித்தான் வரும். உலோகத்தில் வருகிற அந்தச் சிவந்த, மொறுமொறுப்பான ஓரம் சிலிகானில் கிடைக்கவே கிடைக்காது, சர்க்கரையும் குறைந்திருப்பதால் இன்னும் வெளிறும். கேழ்வரகின் பழுப்பு நிறம் அதைக் கொஞ்சம் மறைக்கிறது. வெறும் கோதுமையில் சுட்டால் வேகாததைப் போலவே தோன்றும். கழற்றிய கேக்குகளை அந்தச் சூடான உலோகத் தட்டிலேயே பரப்பி மூன்று நிமிடம் மறுபடி உள்ளே வைக்கிறேன். ஈரமும் போகும், மேனியும் இறுகும்.

கழுவுவது பொறுமையைக் கேட்கிற வேலை. வரிகளுக்குள் துகள் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய படலமாகப் படியும், பாத்திரம் தேய்க்கும் சோப்பின் வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சமையல் சோடா போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, குழிகளை உட்புறம் வெளியாகப் பிதுக்கித் தேய்த்தால் போகிறது. கத்தியோ கம்பி நாரோ அருகில் வரக் கூடாது. ஐந்தாவது மாதம் வெந்துவிட்டதா என்று பார்க்க ஊசிமுனைக் கத்தியால் குத்தி, ஒரு குழியின் அடியில் கீறல் விழுந்தது. சிலிகானில் ஒரு முறை கீறல் விழுந்தால் அது வளர்ந்துகொண்டே போகும். இப்போது நகக்கண் அளவு ஓட்டை. அந்தக் குழியை விட்டுவிட்டு ஐந்துதான் சுடுகிறேன். வேகப் பார்க்க ஈர்க்குச்சி போதும்.

சத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேக்குக்கு ஏறத்தாழ 120 கலோரி, சேர்த்த சர்க்கரை 5 கிராம். கேழ்வரகில் கால்சியம் நிறைய, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கேழ்வரகு மாவும் மாவுச்சத்துதான், அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் இதைக் கவலையில்லாமல் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு மருத்துவர் அனுமதித்தது மாலையில் ஒன்று, வீட்டில் அந்த ஒன்றுக்கு மேல் தட்டில் வைப்பதில்லை. சின்ன அச்சின் பெரிய உபகாரம் இதுதான். பெரிய கேக்கில் இருந்து மெல்லிய துண்டு வெட்டிக் கொடுத்தால் மறுத்துக் கொடுத்தது போல இருக்கும். இது முழுசாக, வரியும் துளையுமாக, அவருக்கென்றே சுட்ட ஒன்று.

எங்கள் ஊர்க் கடல் காற்றில் இது வெளியே ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் மேல் பக்கம் நசநசக்கும். டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள். உறைநிலைப் பகுதியில் வைத்து எடுத்துச் சுடவைத்தாலும் உருவம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் ஆறிய ஒன்றை அப்பா உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். விரலை எடுத்ததும் பள்ளம் மெதுவாக மேலே வந்து சமமானது. தேநீரில் நனைக்காமல் அப்படியே சாப்பிட்டு முடித்தார். "இன்னொரு ஐந்து போடலாமே, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்" என்றார்.

அங்கேதான் இப்போதைய சிக்கல். ஒரே மாவில் பத்து சுட முடியாது. முதல் ஐந்து வேகிற 20 நிமிடத்தில் மிச்ச நுரை தண்ணீர் விட்டுவிடும். இன்னொரு அச்சு வாங்கி இரண்டையும் ஒன்றாக உள்ளே வைக்கலாம் என்று என் 28 லிட்டர் ஓவனை அளந்தேன். அரை அங்குலம் இடிக்கிறது. இதே வகையில் நான்கு குழி அச்சு 350 ரூபாய்க்கு இருக்கிறது, அகலம் சரியாகப் பொருந்தும். நேற்று இரவு சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வந்து சேரும்.